சேவூர் ரோட்டில் இழுக்காமல் போன வண்டி

கண்ணு,

சாப்பிட்டாயா என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. அதைத்தான் போன மாதம் முழுவதும் போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். வாரத்துக்கு நான்கு முறை அப்பா எதற்குக் கூப்பிடுகிறார் என்று நீ யோசித்திருப்பாய். ஒவ்வொரு முறையும் வேறொன்றைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். நீ “சொல்லுங்கப்பா” என்றதும் என் வாய் தானாகச் சாப்பாட்டுப் பக்கம் போய்விட்டது. நீயும் பாவம், இட்லி என்றும் தோசை என்றும் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாய். பேசினால் வராதது எழுதினாலாவது வருமா என்று பார்க்கிறேன். ஐம்பத்தெட்டு வயதில் முதல் முறையாக மகனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால் கை கோணிக்கொண்டு போகிறது. பொறுத்துக்கொண்டு படி.

போன ஞாயிற்றுக்கிழமை மருமகளோடு பேசிக்கொண்டிருந்தேன். ஏழாம் மாதம் ஆயிற்றே, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே உன் மேல் புகார் வைத்தாள். “நீங்களே கேளுங்க மாமா. ஆஸ்பத்திரி ரெண்டு கிலோமீட்டர்தானுங்க. ஒவ்வொரு தடவையும் ஆட்டோவுக்கு நின்னுட்டே கெடக்கறோம். ஒரு வண்டி வாங்குங்கன்னா காதுலயே போட்டுக்க மாட்டேங்கறாரு.” பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தத்தோடு உன் குரல் கேட்டது. “எனக்கு வண்டி ஓட்ட வராது. அப்பாகிட்டயே கேட்டுப்பாரு, சொல்லுவாரு.” நீ கோபமாகச் சொல்லவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. எனக்குப் பாகற்காய் பிடிக்காது என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மருமகள் விடாமல், “அப்படிங்களா மாமா?” என்று கேட்டாள். அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். விஷயம் எனக்குத் தெரிந்து அப்போது இருபது நாளுக்கு மேல் ஆகியிருந்தது. “வண்டி கெடக்குது வுடு கண்ணு, இந்த நேரத்துல ஆட்டோவே போதும்” என்று மழுப்பிவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

கண்ணு, உனக்கு வண்டி ஓட்ட நன்றாகவே வரும். ஆறு வருடத்துக்கு முன்னால் சேவூர் ரோட்டில் உன் அம்மா விழுந்து கை உடைந்ததற்குக் காரணம் நீ இல்லை. நான்தான். எப்படி என்று சொல்கிறேன். பாதியில் மடித்து வைத்துவிடாதே.

நீ அவிநாசியைத் தாண்டி ஒரு கார்மென்ட்ஸில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த புதிது அது. இஸ்திரி போட்ட சட்டை, வெளிர் நிறத்தில் பேண்ட், அதை அழுக்காக்காமல் நம் வீரபாண்டி வீட்டிலிருந்து அவ்வளவு தூரம் பைக்கை ஓட்டிக்கொண்டு போவாய். ஒரு நாள் தொடையில் கறையோடு வந்து நின்றாய். “வேகத்தடை ஏறி எறங்குனா பெட்ரோல் தெறிக்குதுங்கப்பா” என்றாய். பார்த்தேன். டேங்க் மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. கடைக்குப் போய் ஒரு ரப்பர் வாங்கிப் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் நம் ஊர்க்காரன் புத்தி உனக்குத் தெரியும். குழாய் ஒழுகினால் பனியன் துணி, ஜன்னல் ஆடினால் பனியன் துணி, கட்டிலின் கால் குட்டையாக இருந்தால் அதற்கும் பனியன் துணி. கழுத்துப்பட்டிக்குப் போடுகிற தடித்த ரிப் துணியில் இரண்டு துண்டை வட்டமாக வெட்டி, நடுவில் கேஸ்கெட் பசை தடவி, மூடியின் உள்பக்கம் அழுத்தி ஒட்டினேன். காய்ந்ததும் வண்டியை ஆட்டிக் காட்டினேன். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. “எப்படி?” என்று உன்னைப் பார்த்துக் கேட்டேன். நீயும் சிரித்தாய். நான் அன்று அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

அடுத்த வாரமே நீ வந்து சொன்னாய். “வண்டி ஒரே மாதிரி இழுக்க மாட்டேங்குதுங்கப்பா. நல்லாப் போயிட்டே இருக்கும், திடீர்னு இழுவை போயிருது. முறுக்குனா ஒரு தடவை குபுக்குன்னு போகுது, அப்புறம் செத்த மாதிரி ஆயிருது.” நான் சாவியை வாங்கிக்கொண்டு நம் தெருவையும் பின் தெருவையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். வண்டி அம்பு மாதிரி போனது. “ஒண்ணுமில்லயே” என்றேன். நீ இரண்டாவது முறை சொன்னாய், மறுபடியும் அதே இரண்டு தெரு. மூன்றாவது முறை சொன்னபோது உன்னை உட்கார வைத்து ஆக்சிலேட்டரை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று பாடம் எடுத்தேன். மணிக்கட்டை மெதுவாகத் திருப்பு, இடையில் விடாதே, சீராகக் கொடு என்று பத்து நிமிஷம் பேசினேன். நீ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாய். “டவுனுக்குள்ள ஒண்ணும் தெரியலீங்கப்பா. அவிநாசி ரோட்டுல கால் மணி நேரம் நிறுத்தாமப் போனாத்தான் இப்படி ஆகுது. அதுவும் டேங்க் ஃபுல்லா இருந்தா ரொம்ப மோசம். ரிசர்வுக்கு வந்துட்டா நல்லா ஓடுது.” நான் விழுந்து விழுந்து சிரித்தேன். உன் அம்மாவைக் கூப்பிட்டு, “கேட்டயா, உம்மகன் வண்டிக்குப் பெட்ரோல் கம்மியா இருந்தாத்தான் புடிக்குமாமா” என்று சொல்லிச் சிரித்தேன். உன் காது சிவந்துவிட்டது. அதற்கப்புறம் நீ வண்டியைப் பற்றி என்னிடம் வாயே திறக்கவில்லை.

அன்று நீ சொன்ன அந்த இரண்டு வரியில் முழுக் கோளாறும் இருந்தது. யாராவது காதைத் திறந்து கேட்டிருந்தால் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்திருக்கலாம். முப்பது வருடமாக நிட்டிங் மெஷின் ஃபிட்டராக இருக்கிறவன் நான். துணியில் விழுந்த கோட்டை வைத்தே எந்த ஊசி போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன் என்று ஊரெல்லாம் பெயர். கம்பெனியில் துணி கெட்டுப்போனால் சூப்பர்வைசர் நேராக ஒடிசா ஆபரேட்டரைத்தான் பிடித்துக் கத்துவார். “மொதல்ல மெஷினைப் பாருங்க, அப்புறம் ஆளைப் பார்க்கலாம்” என்று எத்தனையோ தடவை அவர்களுக்காகப் பரிந்து பேசியிருக்கிறேன். பெயர் தெரியாத பையன்களுக்கெல்லாம் கொடுத்த அந்தச் சலுகையை என் சொந்த மகனுக்குக் கொடுக்கத் தோன்றவில்லை. ஏன் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் குறை கண்டுபிடிப்பது எனக்கு அவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது.

பிறகு உன் தாய்மாமா வீட்டுக் காதுகுத்து. சேவூருக்கு நான் சீர்த் தட்டுகளோடு காலையிலேயே பஸ் ஏறிவிட்டேன். அம்மாவை நீ வண்டியில் கூட்டி வருவதாகப் பேச்சு. முந்தின நாள் சாயங்காலம் நான்தான் வண்டியை எடுத்துப்போய் டேங்க்கை விளிம்பு வரை நிரப்பி வைத்தேன். அம்மாவோடு போகிறாய், நடுவழியில் நிற்கக் கூடாது என்று. நிறைத்துவிட்டு மூடியை அழுத்தி மூடினேன். அதன் பிறகு நடந்தது உனக்குத்தான் தெரியும். நீயும் அம்மாவும் சொன்னதை நான் அன்று நம்பவில்லை. இன்று ஒவ்வொரு சொல்லாக நினைத்துப் பார்க்கிறேன். அவிநாசி தாண்டி நல்ல ரோடு. முன்னால் ஒரு டிராக்டர். எதிரே வெகு தூரம் காலியாக இருந்ததைப் பார்த்துத்தான் நீ வலது பக்கம் எடுத்தாய். பாதி டிராக்டரைத் தாண்டும்போது இழுவை போய்விட்டது. முறுக்கினாய், குபுக்கென்று போனது, மறுபடியும் செத்துவிட்டது. அதற்குள் எதிரே பஸ் வந்துவிட்டது. டிராக்டருக்குப் பின்னால் மறுபடி ஒதுங்கப் பார்த்து பிரேக்கைப் பிடித்ததில் வண்டி சரிந்து அம்மா வலது கை கீழே போக விழுந்தாள். வேறு யார் கையில் அந்த வண்டி இருந்திருந்தாலும் பஸ்ஸுக்குள் போயிருக்கும். நீ அவளைக் காப்பாற்றினாய் கண்ணு. இதை எழுத எனக்கு ஆறு வருடம் ஆகியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் நான் என்ன செய்தேன்? காதுகுத்துக்கு வந்திருந்த சொந்தமெல்லாம் வராந்தாவில் நின்றிருந்தார்கள். உன் முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் கட்டியிருந்தது, அதைக்கூட நான் பார்க்கவில்லை. நீ, “வண்டி இழுக்கலீங்கப்பா” என்று ஆரம்பித்தாய். “பெத்தவளைப் பின்னால வெச்சுட்டு ஓவர்டேக் கேக்குதா உனக்கு? வண்டி மேல பழியப் போடாத. நானுந்தான் அதே வண்டிய எடுக்கறேன், எனக்கு மட்டும் எப்படி ஓடுது? ஓட்ட வராதவன் கைல குடுத்தா எந்த வண்டியும் இப்படித்தான் போவும்” என்றேன். உள்ளே கட்டிலில் கிடந்த உன் அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள் போல. “ஏனுங்க, பையனைத் திட்டாதீங்க. வண்டிதானுங்க நின்னு நின்னு போச்சு” என்று அவள் ஈனக்குரலில் சொன்னது வராந்தா வரை கேட்டது. “பின்னால உக்காந்து வந்தவளுக்கு என்ன தெரியும்?” என்று அவள் வாயையும் அடைத்தேன். நீ, “சரிங்கப்பா” என்று மட்டும் சொன்னாய். சாவியை என் பக்கத்தில் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு அம்மாவுக்கு மருந்து வாங்கப் போனாய். நடந்துதான் போனாய். அந்தச் சாவியை நீ அதற்குப் பிறகு தொடவில்லை.

இரண்டு மாதத்தில் ஓசூரில் வேலை கிடைத்தது என்று கிளம்பிவிட்டாய். அம்மாவின் கை கூடியது, ஆனால் முழங்கை நீட்ட வரவில்லை. ஓவர்லாக் மெஷினில் அவ்வளவு வேகமாகத் தைத்தவள் செக்கிங் டேபிளுக்குப் போனாள். நாளெல்லாம் நின்றுகொண்டு மற்றவர்கள் தைத்ததில் பிசிறு பார்க்கிறாள். அதோடு வண்டியில் ஏறுவதையும் விட்டுவிட்டாள். எங்கே போனாலும் பஸ்தான். அவள் பஸ் என்பதால் வெளியூர் என்றால் நானும் பஸ்தான். வண்டி எனக்குக் கம்பெனி போய்வர மட்டும் என்று ஆகிவிட்டது, வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். அந்த மூன்று கிலோமீட்டரில் ஆறு வருடமும் அது ஒரு தடவை கூடத் தகராறு செய்யவில்லை. ஒவ்வொரு நாளும் வண்டியை நிறுத்தும்போது, பார், வண்டியில் ஒன்றுமில்லை என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். ஒரு தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது அதை வெளியிலும் சொன்னேன். “அன்னைக்கு நீ காட்டுன பயத்துல உங்கம்மா இன்னைக்கு வரைக்கும் வண்டில ஏற மாட்டேங்கறா.” நீ தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய். மறுநாள் இருக்க வேண்டியவன் காலையிலேயே பஸ் ஏறிவிட்டாய். நான் உன்னைத் தடுக்கவில்லை.

இந்த வருடம் கம்பெனி நிட்டிங் மெஷின்களை எல்லாம் சேவூர் பக்கம் ஒரு புது ஷெட்டுக்கு மாற்றினார்கள். முதல் நாள் காலை டேங்க்கை நிறைத்துக்கொண்டு கிளம்பினேன். அவிநாசி தாண்டி நல்ல ரோட்டில் சீராகப் போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று இழுவை போய்விட்டது. முறுக்கினேன். குபுக்கென்று ஒரு இழுப்பு, அப்புறம் செத்த மாதிரி ஆகிவிட்டது. நீ சொன்ன அதே வார்த்தைகள் என் காதில் கேட்டன, கண்ணு. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே போனான். ஓரம் கட்டி நின்றேன். நீ விழுந்த இடம் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். இரண்டு நிமிஷம் கழித்து உதைத்தால் ஒன்றுமே நடக்காதது போல வண்டி கிளம்பியது.

அந்த நிமிஷமே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். பாதி புரிந்தும் இருந்தது. ஆனால் மூன்று வாரம் நான் அந்த வண்டியைப் பிரித்து மேய்ந்தேன். உண்மையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றா? இல்லை. இது புதுக் கோளாறாக இருக்க வேண்டும், போன மாதம் வந்ததாக இருக்க வேண்டும், ஆறு வருடத்துக்கு முன்னால் இருந்ததாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே தேடினேன். நம் ஊரில் எந்த மெஷின் நின்றாலும் முதலில் பஞ்சைத்தான் தேடுவோம். ஏர் ஃபில்டரைக் கழற்றினால் பஞ்சு மெத்தை மாதிரி அப்பியிருந்தது. அப்பாடா, இதுதான் என்று எனக்கு உயிர் வந்தது. சுத்தம் செய்து போட்டுக்கொண்டு போனேன். அவிநாசி தாண்டியதும் மறுபடியும் அதே. பிளக் மாற்றினேன். பெட்ரோல் குழாயை ஊதிப் பார்த்தேன். வீரபாண்டியில் மெக்கானிக் கடை வைத்திருக்கிறாரே அந்தோணி, திருநெல்வேலிக்காரர், அவர் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, மிதவையைச் சரி பார்த்து, கிளட்ச்சையும் செயினையும் பார்த்துவிட்டு, கடைத் தெருவில் ஒரு சுற்றுப் போய் வந்தார். “அண்ணாச்சி, வண்டி நல்லாத்தான ஓடுது. ஓட்டுததுல ஏதும் இருக்கும், பாத்துக்கிடுங்க” என்றார். ஓட்டுகிறதில் இருக்கும் என்றால் என்ன அர்த்தம்? எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. முப்பது வருட அனுபவம் என்று அவரிடம் கத்தலாம் என்று வாய் வரை வந்தது. நீ அன்று என்ன சொன்னாயோ அதையே சொன்னேன். “சரிங்க.”

கடைசியில் கண்டுபிடித்தது நானும் இல்லை, மெக்கானிக்கும் இல்லை. சேவூருக்குப் போகிற வழியில் வண்டி திணறத் திணற ஒரு பெட்ரோல் பங்கில் போய் நின்றேன். பெட்ரோல் குறைந்திருக்கிறதோ என்று மூடியைத் திறந்தேன். ‘புஸ்’ என்று காற்றை உள்ளே இழுத்தது. பெட்ரோல் போடுகிற பெண், முப்பது வயது இருக்கும், குழாயைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள். “ஏனுங்கண்ணா, உங்க வண்டி இப்படிக் காத்தை உறிஞ்சுது? மூடில காத்துப் போற ஓட்டை அடைஞ்சிருக்குமுங்க.” மூடியை என் கையிலிருந்து வாங்கித் திருப்பிப் பார்த்தாள். “இதென்னங்க, துணியா? இப்படி வெச்சு அடைச்சா பெட்ரோல் எப்படிங்க எறங்கும்? பெட்ரோல் எறங்க எறங்க மேல காத்துப் போகோணுமல்லங்க.” அவள் சர்வ சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டாள். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் நகரச் சொல்லிக் கத்தினார்கள். என்னால் நகர முடியவில்லை.

இப்போது எல்லாம் விளங்குகிறது. எஞ்சின் பெட்ரோலைக் குடிக்கக் குடிக்க டேங்க்குக்குள் வெற்றிடம் விழுகிறது. மூடியில் ஊசி நுழைகிற அளவு ஓட்டை இருக்கும். அது வழியாகக் காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் தாராளமாகக் கீழே இறங்கும். என் துணியும் பசையும் அதை அடைத்துவிட்டன. நிறுத்தாமல் ஓடினால் வெற்றிடம் பெட்ரோலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இழுவை போய்விடும். கொஞ்ச நேரம் நின்றால் சொட்டுச் சொட்டாக இறங்கி மறுபடியும் ஓடும். டேங்க் நிறைய இருந்தால் உள்ளே காற்றுக்கு இடமே இல்லை, அதனால் சீக்கிரம் வரும். பெட்ரோல் குறைவாக இருந்தால் காற்று நிறைய இருக்கும், அதனால் லேசில் வராது. நீ சொன்னது எழுத்துக்கு எழுத்துச் சரி. பார்க்கலாம் என்று மூடியைத் திறந்தபோதெல்லாம் கோளாறு தானே சரியாகிவிட்டது, அதனால்தான் யார் கையிலும் அது அகப்படவில்லை. அந்தத் துணியை நான் பார்க்காமலும் இல்லை. ஆறு வருடமாகப் பெட்ரோல் போட்ட ஒவ்வொரு தடவையும் பார்த்தேன். இன்னும் பிய்ந்து போகாமல் எப்படி நிற்கிறது பார் என்று பெருமையாகத்தான் பார்த்தேன்.

வண்டியில் இருந்த மற்றவற்றை எல்லாம் நேற்று கெட்டது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அந்தத் துணியை மட்டும் அப்படிச் சொல்ல முடியவில்லை. அது எந்த மாதம் ஒட்டியது என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். மெஷினில் ஊசி உடைந்தால் புது ஊசி போட்டுவிட்டு, கெட்ட துணியை வெட்டி எடுத்துவிட்டு ஓட்டலாம். இதில் எதை வெட்டி எடுப்பது? உன் அம்மாவின் முழங்கையை நீட்ட எனக்கு வழியில்லை. காதுகுத்துக்கு வந்த சொந்தத்தை எல்லாம் மறுபடி வராந்தாவில் நிறுத்தி நான் சொன்னதைத் திரும்ப வாங்கவும் வழியில்லை. அதில் இரண்டு பேர் செத்தும் போய்விட்டார்கள், உன்னை வண்டி ஓட்டத் தெரியாதவன் என்று நினைத்துக்கொண்டே. என்னால் ஆனது மூடியைப் பிரித்துக் கழுவிப் புது ரப்பர் போடுவதுதான். அதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

துணியைக் கொண்டுவந்து உன் அம்மாவின் முன்னால் வைத்தேன். அவள் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது நீங்க ஒட்டுனதுதானுங்களே?”

“ஆமா.”

“அன்னைக்கும் இருந்துச்சுங்களா?”

“இருந்துச்சு.”

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அவனுக்குச் சொல்லிட்டீங்களா?” என்றாள். இல்லை என்றேன். “அப்புறம் எங்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க? எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே” என்று சொல்லிவிட்டு அவரைக்காய்க்குத் திரும்பிவிட்டாள். அவளுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். அவள்தான் கட்டிலில் கிடந்தபடி சொன்னாளே.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் ஒன்றே ஒன்று சொல்லிக்கொள்கிறேன், ஏனென்றால் இன்னும் இரண்டு மாதத்தில் நீயும் ஒரு அப்பா. உன் பிள்ளை ஒரு நாள் வந்து, அப்பா இது சரியாக ஓடவில்லை என்று சொல்லும். வண்டியாக இருக்கலாம், பள்ளிக்கூடமாக இருக்கலாம், என்னவாகவும் இருக்கலாம். நீ இரண்டு தெரு சுற்றிவிட்டு வந்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிடாதே. அது போகிற தூரம் முழுக்க அதன் கூடவே போய்ப் பார். சிரிக்காதே. நான் இருபது கிலோமீட்டர் உன் பின்னால் உட்கார்ந்து வந்திருந்தால் போதும். அந்த நேரம் எனக்கு இருந்தது, கண்ணு. சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.

துணியை இந்தக் கவருக்குள்ளேயே வைத்திருக்கிறேன். கழுவியும் பெட்ரோல் வாசம் போகவில்லை. பிரித்ததும் மருமகளிடம் காட்டு. அவள் போனில் கேட்டதற்கு மாமாவின் பதில் இதுதான் என்று சொல். நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கோபப்பட்டுக் கத்தினாலும் கேட்டுக்கொள்கிறேன். ‘சரிங்கப்பா’ என்று மட்டும் சொல்லிவிடாதே.

இன்னொன்று இருக்கிறது, அதை எழுதாமல் முடிக்க முடியாது. ரப்பர் மாற்றிய மறுநாள் டேங்க்கை விளிம்பு வரை நிறைத்துக்கொண்டு சேவூர் வரை நிறுத்தாமல் போய், நிறுத்தாமல் திரும்பி வந்தேன். ஒரு இடத்தில்கூட இழுவை குறையவில்லை. வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு உன் அம்மாவிடம், “வா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம். இனிப் பயமில்ல” என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “எனக்கு எப்பங்க பயம் இருந்துச்சு?” என்றாள். எனக்கு விளங்கவில்லை. “ஆறு வருசமாப் பஸ்ல போறது பயத்துலன்னா நெனச்சீங்க? பத்துப் பேருக்கு முன்னாடி எம்பையனை அந்தப் பேச்சுப் பேசுனீங்க. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேனுங்க, இனி வண்டில ஏறுனா அவன் பின்னாடிதான் ஏறுவேன். அவன் வந்து ஓட்டட்டும், உக்காந்துக்கறேன்.”

பயம் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. நானாகச் சொல்லி, அதையும் உன் தலையில் போட்டேன். நீ வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. வண்டி டேங்க் நிறையப் பெட்ரோலோடு வாசலில் நிற்கிறது. சாவி, நீ அப்போது வழக்கமாக மாட்டிய ஆணியிலேயே இருக்கிறது. உன் அம்மா இன்றைக்கும் ஏழே முக்கால் பஸ்ஸுக்கு, நீட்ட வராத கையில் சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொண்டு, வண்டியைத் தாண்டி நடந்து போனாள்.

அப்பா